பாத்தி வெயிலில் போன் தெரியுதா?

கேள்வி: மூணு வருஷப் போன் நல்லாத்தான் ஓடுது. கூடப் படிக்கிறவங்க எல்லாரும் மாத்திட்டாங்க. நானும் மாத்தலாமா?
*கல்லூரி மாணவர், வானூர்*

பதில்: "நல்லாத்தான் ஓடுது" என்று தீர்ப்பை நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்புறம் எதற்குத் தம்பி மேல்முறையீடு? ஒன்றை மட்டும் பாருங்கள். செட்டிங்ஸுக்குள் போய், கடைசிப் பாதுகாப்பு அப்டேட் என்றைக்கு வந்தது என்று தேடுங்கள். சில மாதத்துக்குள் வந்திருந்தால் கவலையில்லை. ஒரு வருடமாக ஒன்றுமே வராத போனில் வங்கிக் கணக்கும் யுபிஐயும் ஓடுகிறது என்றால், மாற்றத்தான் வேண்டும். புதிதாக வாங்கும்போதும் கடையில் முதல் கேள்வி இதுதான். 2023-இல் வந்த பிக்சல் 8-க்கும் 2024-இல் வந்த கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு வருட அப்டேட் என்று கம்பெனிகள் வாக்குக் கொடுத்திருக்கின்றன. விலை குறைந்த பல போன்களில் இரண்டு மூன்று வருடத்தில் நின்றுவிடும்.

கேள்வி: உப்பளத்துல வேலை பாக்குறேன். வெயில்ல போனை எடுத்தா ஒண்ணும் தெரியல, நிழலுக்கு வந்துதான் பாக்கணும். மத்தியானத்துக்குள்ள சார்ஜும் போயிடுது. கடைக்காரர் 108 மெகாபிக்சல் போன் வாங்கச் சொல்றார்.
*வாசகி, மரக்காணம்*

பதில்: அக்கா, நீங்கள் சொன்னது கண்ணுக்குத் தெரியாத திரை. அவர் காட்டியது கேமரா. தலைவலிக்குக் கால் கொலுசு வாங்கச் சொன்ன கதை இது. 108 மெகாபிக்சல் போன் சாதாரணமாக எடுத்துத் தருவது 12 மெகாபிக்சல் படம்தான். ஒன்பது புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கிவிடும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இன்னும் சுருங்கும்.

உங்களுக்கு வேண்டியது திரையின் வெளிச்சம். அதை நிட்ஸ் என்று அளக்கிறார்கள். பழைய, விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் 400, 500 நிட்ஸ் இருக்கும். மேலே வெயில், கீழே உப்பின் வெள்ளை என்று இரண்டு பக்கமும் ஒளி அடிக்கிற இடத்தில் அது போதாது. ஆயிரத்தை ஒட்டிக் கிடைத்தால், கூலி கணக்கில் ஏறியதா என்று பாத்தியில் நின்றபடியே பார்க்கலாம். விளம்பரத்தில் 'உச்ச வெளிச்சம்' மூவாயிரம், நாலாயிரம் என்று போட்டிருந்தால் மயங்காதீர்கள். திரையின் சிறு பகுதி மட்டும் கொஞ்ச நேரம் தொடுகிற அளவு அது. போனைக் கையில் வாங்கி, கடை வாசலுக்கு வந்து, உச்சி வெயிலில் பிடித்துப் பாருங்கள். அங்கே எழுத்து தெரிந்தால் வாங்குங்கள். உங்கள் தொழிலுக்கு இது நியாயமான செலவு.

சார்ஜ் விஷயம் வேறு. சுற்றியுள்ள வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பேட்டரி நிரந்தரமாகக் கெடலாம் என்று ஆப்பிள் நிறுவனமே எச்சரிக்கிறது. சித்திரை வைகாசியில் உங்கள் உப்பளம் எப்படிக் காயும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புதுப் போனுக்கும் இதே கதிதான். துணிப்பையில் போட்டு நிழலில் வையுங்கள். இன்னொன்று: போனுக்கு நல்ல திரை தேடுகிற நீங்கள், உங்கள் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியும் முதலாளியிடம் கேட்டு வாங்குங்கள். உப்பின் கூச்சம் கண்ணைப் பாழாக்கும்.

கேள்வி: ஐபி68 போன் வாங்கினா கடல்ல விழுந்தாலும் ஒண்ணும் ஆகாதாமே?
*மீனவர், எக்கியார்குப்பம்*

பதில்: அண்ணே, ஐபி68 என்கிற தண்ணீர் தாங்கும் தரத்துக்குச் சோதனை செய்தது நல்ல தண்ணீரில். கடல் தண்ணீர் அந்தக் கணக்கிலேயே வராது. சார்ஜ் ஏற்றும் இடத்தில் உப்பு ஈரம் நிற்கும்போது மின்சாரம் பாய்ந்தால் அரித்துவிடும். தண்ணீர் புகுந்து கெட்டதற்குப் பெரும்பாலும் வாரண்டியும் கிடையாது. விழுந்துவிட்டால் அணைத்து, ஐபி68 போனாக இருந்தால் நல்ல தண்ணீரில் அலசி, துடைத்துக் காய வையுங்கள். நன்றாகக் காயும்வரை சார்ஜ் போடாதீர்கள். அரிசிப் பானையில் புதைக்கவே வேண்டாம், தவிடும் குருணையும் உள்ளே போகும். படகில் ஏறும்போது வாய் இறுக மூடும் பிளாஸ்டிக் உறை ஒன்று போதும்.

கேள்வி: 4ஜி போன் இனிமே செல்லாக் காசா?
*வாசகர், கூனிமேடு*

பதில்: செல்லும். 5ஜி இந்தியாவுக்கு வந்தது 2022 அக்டோபர் 1-இல். பேச, பணம் அனுப்ப, பேரப்பிள்ளை முகம் பார்க்க 4ஜியே தாராளம்.

கேள்வி: கண்ணாடியில கீறல், பேட்டரி நிக்கல. சரி பண்றதா, தூக்கிப் போடுறதா?
*வாசகர், இரும்பை*

பதில்: கடுவெளிச் சித்தரின் கோபத்தில் மூன்றாகப் பிளந்ததாகச் சொல்லப்படும் லிங்கத்தைச் செப்புத் தகட்டால் சேர்த்து, இன்றும் பூசை செய்கிற மாகாளேஸ்வரர் கோவில் உங்கள் ஊரில். சம்பந்தர் பாடிய தலம். உடைந்ததைக் காப்பாற்ற இரும்பைக்காரருக்கா நான் சொல்லித் தருவது? ஐபோன் 14 வரையான போன்களில் 500 முறை முழுதாக ஏற்றி இறக்கினால் பேட்டரியின் கொள்ளளவு 80 சதவீதமாகும் என்பது ஆப்பிளின் கணக்கு. தினமும் ஒரு முறை என்றால் ஒன்றரை வருடம்கூட இல்லை. ஆகவே மூப்படைந்தது போன் அல்ல, பேட்டரி. அப்டேட் இன்னும் வருகிறதா, கண்ணாடிக்கும் பேட்டரிக்கும் சேர்த்துக் கேட்கிற தொகை புதுப் போன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்குகிறதா? சரி செய்யுங்கள்.

கேள்வி: பழைய போன் வாங்கலாமா?
*வாசகி, கோட்டக்குப்பம்*

பதில்: வாங்கலாம். பணம் கொடுப்பதற்கு முன் *#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணை எடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுப் பாருங்கள். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டிருந்தால் அங்கே தெரிந்துவிடும். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

கேள்வி: வட்டியில்லாத் தவணைன்னு சொல்றாங்க. இப்பவே எடுத்துடலாமா?
*உப்பளத் தொழிலாளி, மரக்காணம்*

பதில்: வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டி எங்காவது ஒளிந்திருக்கும், விட்டுப்போன தள்ளுபடியிலோ பதிவுக் கட்டணத்திலோ. அதைவிட முக்கியம் உங்கள் காலண்டர். மழை இறங்கினால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாத்தியில் வேலை இல்லை. தவணைக்கு மழை விடுமுறை கிடையாது. அந்த மாதங்களுக்குள் நீளும் தவணை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், ஐயா. தமிழக அரசு உப்பளத் தொழிலாளர்களுக்குத் தரும் 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் வீட்டு அடுப்புக்கு வந்த பணம், தவணைக்கு அல்ல.