ஆர் மொழி நிரல்களும் பவணந்தியார் வகுத்த பொருள்கோளும்

மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர் ஆகிய க்ஷேத்திரங்களில் புள்ளியியல் பயிலும் இளைஞர்கள், அமெரிக்கா போய்விட்ட முன்னவர் ஒருவர் எழுதிவைத்த ஆர் மொழி நிரலை முதன்முதலாகத் திறந்தவுடன் அடையும் கலக்கத்திற்குக் காரணம் புத்திக்குறைவு அன்று, இலக்கணப் பயிற்சியின்மையே என்பது இக்கட்டுரையின் சித்தாந்தம். செய்யுளின் சொற்களை எவ்வாறு கூட்டிப் பொருள் கொள்வது என்னும் பொருள்கோளுக்குத் தொல்காப்பியர் நான்கு வகையும், நன்னூலாராகிய பவணந்தி முனிவர் எட்டு வகையும் கூறினர். ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்து ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் நன்னூல் பாடம் கேட்டதற்குச் சான்றில்லை. ஆயினும் 2000 பிப்ரவரி 29 அன்று 1.0.0 பதிப்பாக வெளிவந்த அவர்கள் மொழி, பவணந்தி முனிவரின் சூத்திரத்தை எள்ளளவும் மீறவில்லை.

நிரனிறையை முதற்கண் ஆராய்வோம். இயல்நிலைப் பரவலிலிருந்து எண்களை உண்டாக்கும் ஆர்நார்ம் என்னும் சார்பினுள் 100, 50, 10 என மூன்று எண்கள் பெயரின்றி நின்றால், முதலாவது வேண்டும் எண்களின் தொகையையும், இரண்டாவது சராசரியையும், மூன்றாவது திட்ட விலக்கத்தையும் முறையே சென்று பற்றும். கைப்பிசகாக முதலிரண்டும் இடம் மாறினால், யந்திரம் யாதோர் ஆட்சேபமும் இன்றி, ஐம்பதைச் சுற்றி நூறு எண்கள் தருவதற்குப் பதிலாக நூறைச் சுற்றி ஐம்பது எண்களைத் தந்துவிட்டு மௌனம் சாதிக்கும். ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டி எழுதிவிட்டாலோ, எதை எங்கே வைத்தாலும் பொருள் பிறழாது, அது அடிமறிமாற்று.

சார்புக்குள் சார்பாக அடைப்புக்குறிகள் அடுக்கி வருமிடத்தில், உள்ளே கடைசியாகப் பதுங்கியிருப்பதே முதலில் நிகழ்வதால், அஃது அளைமறிபாப்பு. அந்தப் பாம்பின் புற்றுக்குள் கைவிட அஞ்சியோர் பொருட்டு, 2021 மே மாதத்து 4.1.0 பதிப்பு, இடப்பக்கத்து விளைவை வலப்பக்கத்துச் சார்புக்கு அனுப்பும் குழாய்க் குறியை மொழியிலேயே சேர்த்து, ஆற்றுநீர்ப் பொருள்கோளுக்கு வழிசெய்தது. (ஆறு என்றதும் அடையாற்றை நினைப்பவர்கள், சற்றே தெளிந்த நீருடைய வேறோர் ஆற்றைப் பாவித்துக்கொள்க.)

எல்லாவற்றினும் கொடியது கொண்டுகூட்டு. நானூறாம் வரியில் 'டிஎஃப்' என்றோர் அட்டவணையின் பெயர் வரும். அது பிறந்தது பன்னிரண்டாம் வரியில், உருமாறியது தொண்ணூறாம் வரியில் என்று அறிவதற்குள், அறுபத்துமூவர் உற்சவத்தன்று தெற்கு மாடவீதியில் கைநழுவிய குழந்தையைத் தேடும் தாயின் நிலையைப் பயில்பவர் எய்துவர். பரிகாரம் உண்டு. நிரலை ஒரே மூச்சில் ஓட்டாமல் வரிவரியாக ஓட்டி, ஒவ்வொரு வரிக்குப் பின்னும் அப்பெயரை எஸ்.டி.ஆர். என்னும் சார்பிடம் ஒப்படைத்தால் (கோடம்பாக்கத்து நடிகரை இது குறிக்காது), எத்தனை வரிசை, எத்தனை பத்தி, ஒவ்வொரு பத்தியிலும் எண்ணா எழுத்தா என்பதையெல்லாம் அது பதவுரைபோல் விரித்துரைக்கும். சார்பின் பெயருக்கு முன் ஒரு வினாக்குறி இட்டால் விளக்கவுரையே திறக்கும்.

எனினும் அவ்வுரை சார்பு செய்வதைச் சொல்லுமேயன்றி, முன்னவர் ஏன் அதை அங்கே அழைத்தார் என்பதைச் சொல்லாது. ஹேஷ் குறிக்குப் பின் எழுதுவதை யந்திரம் படிப்பதில்லை. அது முழுதும் மனிதருக்கென்றே விடப்பட்ட இடம். ஆதலின் விசா கைக்கு வந்து விமானம் ஏறக் காத்திருக்கும் அன்பர்களை வேண்டிக்கொள்வது: பெட்டி கட்டுமுன், சார்புக்கு ஒரு வரியேனும் உரை எழுதி வைத்துச் செல்லுங்கள்.