அன்லிமிடெட் மீல்ஸ்

காலையில் மச்சான் போன். "மாப்ளே, கடை வெப்சைட்டைக் காணோம்."

திறந்தால் வெள்ளைப் பக்கம். நடுவில், கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளதாக ஒரே வரி. பட்டுப் பாவாடைப் படங்களெல்லாம் அதற்குப் பின்னால், பேங்க் சீல் வைத்த வீட்டுச் சாமான் மாதிரி பத்திரமாக.

ஹோஸ்டிங்கை விற்கும்போது 'அன்லிமிடெட்' என்றார்கள். அளவில்லாச் சாப்பாடு என்ற போர்டை நம்பி நாலாவது தடவை சாம்பார் கேட்டால் பரிமாறுகிறவர் ஒரு பார்வை பார்ப்பாரே, அதுதான். இடம் தாராளம், ஆனால் கோப்புகளின் எண்ணிக்கைக்கு 'ஐநோடு' என்று ஒரு வரம்பு, சிபியு நேரத்துக்கு இன்னொன்று. ஷேர்டு ஹோஸ்டிங் என்பது ஒண்டுக்குடித்தனம். ஒருவர் மோட்டார் போட்டால் மற்றவருக்குத் தண்ணீர் வராது. போட்டவரை வெளியே அனுப்புவார்கள்.

நாங்கள் மோட்டார்கூடப் போடவில்லை. யாரோ ஓசியில் கொடுத்த வேர்ட்பிரஸ் தீம். அதன் வயிற்றுக்குள் ஏதோ வெளிநாட்டு வங்கியின் போலி லாகின் பக்கம் வாடகை தராமல் குடியிருந்திருக்கிறது.

சப்போர்ட்டில் தங்கமான பிள்ளை. "மூணு நாள் முன்னாடியே மெயில் அனுப்பினோமே சார்." கடை பெயரில் உள்ள முகவரிக்கு. அதை மச்சான் திறந்து 2 வருஷம்.

"சரிப்பா, அந்தத் தீமை அழிச்சிடறோம்." (எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டாலும் சரிதான்.)

"அதையே பதிவு செஞ்ச மெயில்லேர்ந்து எழுதி அனுப்புங்க சார்."

அந்த மெயிலும் அதே கணக்கோடு பூட்டிக்கிடக்கிறது.

அதற்குள் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்த மச்சான் என் காதருகே குனிந்தார். "டீ செலவுக்கு ஏதாச்சும் கொடுத்தா திறந்துவிட மாட்டானா?"