செத்தும் ஓய்வு பெறாத கேப்டன்

கேள்வி: ‘கால் ஆஃப் டியூட்டி’ வீடியோ கேமில் வரும் கேப்டன் பிரைஸ் மாதிரி ஓர் ஆள் எங்கள் கடலூர், சிதம்பரம் பக்கம் உண்டா? (சிதம்பரம் வாசகர்)

பதில்: பிரைஸுக்கு ஈடு கிடைப்பது கஷ்டம். 2003-இல் வந்த முதல் விளையாட்டில் இரண்டாம் உலகப் போரில் செத்தவர், 2005-இல் அதே போரில் மறுபடி ஆஜர். 2007-இல் அதே மீசையோடு இன்னொரு பிரைஸ், கையில் நவீனத் துப்பாக்கி. 2019-இல் கதையையே முதலிலிருந்து தொடங்கி அவருக்கு மீண்டும் வேலை போட்டுக் கொடுத்தார்கள். நம் டி.வி. சீரியல்காரர்கள் கவனிக்க.

கடலூரில் கிடைப்பவர் ராபர்ட் கிளைவ். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியில் கணக்கெழுதிய குமாஸ்தா. 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்ததும், உள்ளூர் ஆள் போல வேஷம் கட்டிக்கொண்டு தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டைக்கு நழுவினார். மறு வருஷம் பேனாவைப் போட்டுவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தார். 1756-இல் அதே கோட்டைக்குக் கவர்னர்! எந்த விளையாட்டிலும் இவ்வளவு வேகமாக ‘லெவல்’ ஏறாது.

சிதம்பரத்துக்கு ஆங்கிலேய ஜெனரல் அயர் கூட். 1781 ஜூனில், மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் ஆட்கள் காவல் இருந்த சிதம்பரம் கோயிலைப் பிடிக்கப் போனார். கோயில் மதில் கோட்டை மதிலாக நின்றது. அடி வாங்கித் திரும்பினார். வயது 55, உடம்பும் சரியில்லை. மீசை கிடையாது, ஓவியங்களில் மழித்த முகம்தான்.

இரண்டே வாரத்தில், ஜூலை 1-இல், பரங்கிப்பேட்டையில் ஹைதரையே தோற்கடித்தார். ‘எங்கள் ஊரைக் கேள்வியில் ஏன் விட்டீர்கள்?’ என்று பரங்கிப்பேட்டைக்காரர்கள் கடிதம் போடலாம். போடட்டும்.