மீனம்பாக்கம் – பலாலி: மணிக்கு 71 கிலோமீட்டர்

சென்னை மீனம்பாக்கத்துக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் ஆகாய வழியில் தூரம் சுமார் 355 கிலோமீட்டர். இரண்டும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் இருப்பதால் விமானி மூக்கைத் தெற்கே திருப்பினால் போதும். கடிகாரத்தைத் திருப்பக்கூட வேண்டாம், இரு நாட்டுக்கும் நேரம் ஒன்றே. இவ்வழியில் ஓடும் ஏடிஆர் விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் பறக்கும். பள்ளிக்கூடக் கணக்குப்படி 43 நிமிடம். கால அட்டவணையோ ஒன்றேகால் மணி நேரம் என்கிறது. மிச்ச அரை மணி எங்கே போனது? விமானம் நின்ற இடத்தைவிட்டு நகரும்போதே அட்டவணைக் கணக்கு தொடங்கிவிடுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்பவருக்கு வழிவிடுவது, ஏறுவது, இறங்குவது, தாமதமானால் பேர் கெடாமலிருக்கச் சேர்த்துவைக்கும் சில நிமிடங்கள் எல்லாம் அதில் அடக்கம். இதே மீனம்பாக்கத்திலிருந்து 645 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஜெட் விமானம் எடுத்துக்கொள்ளும் நேரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். தூரத்தைச் சொல்லி நேரத்தை ஊகிக்கச் சொல்பவரை நம்பக் கூடாது என்பது என் கட்சி.

அட்டவணையும் முழு உண்மையைச் சொல்வதில்லை. வெளிநாட்டுப் பயணம் என்பதால் 3 மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். இறங்கிய பின் குடிவரவு, பெட்டி, சுங்கம் என்று முக்கால் மணி போகும். ஆக மொத்தம் 5 மணி நேரம், மணிக்கு 71 கிலோமீட்டர். எழும்பூரில் கிளம்பும் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ இதே தூரத்தை இதே நேரத்தில் கடந்து திருச்சியில் இறக்கிவிடுகிறது. அதில் தண்ணீர் பாட்டிலை யாரும் பிடுங்குவதில்லை, வடையும் வரும்.

காத்திருப்பு எல்லாப் பயணத்துக்கும் பொது, அதைத் தூரத்தின் தலையில் கட்டலாமா என்று கேட்கலாம். பொது என்பதுதான் வம்பே. 8,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து லண்டன் போகிறவருக்கு இந்த நாலு மணி நேரம் கல்யாணச் செலவில் வெற்றிலைபாக்குக் கணக்கு. பக்கத்து வீட்டுக்குப் போகிறவருக்கோ அதுதான் பயணமே, பறப்பது இடையில் வரும் ஓய்வு. 2016-இல் ஒரு நிறுவனம் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கு மேலே சுவிட்சர்லாந்தின் ஆல்டன்ரைனிலிருந்து ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனுக்கு விமானம் விட்டது. சுமார் 20 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 8 நிமிடம். பெல்ட்டைப் போட்டுக் கழற்றவே சரியாக இருந்திருக்கும். அந்தச் சேவை அடுத்த ஆண்டே நின்றுபோனது.

எல்லை என்று ஒன்று இருந்தால் சோதனையும் இருக்கத்தானே செய்யும் என்பது அடுத்த வாதம். நியாயம்தான், இருக்கட்டும். ஆனால் பாதுகாப்புச் சோதனையும் முத்திரை குத்துவதும் சேர்ந்தே 3 மணி நேரம் பிடிப்பதில்லை. முக்கால்வாசி நேரம் போவது அவற்றுக்கான வரிசையில். 1947-இல் இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனம் விட்ட முதல் விமானம், ஒரு டகோட்டா, இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்கு வந்தது. அந்த டகோட்டாவைவிட இன்றைய ஏடிஆர் வேகம் கூடியது. அப்படி மிச்சமான நிமிடங்களைத் தரையிலேயே வட்டியோடு வாங்கிக்கொள்கிறார்கள்.

கப்பல் இருக்கிறதே என்பார்கள். நாகப்பட்டினம் – காங்கேசன்துறை சுமார் 110 கிலோமீட்டர், 4 மணி நேரம். அங்கேயும் முன்னதாக வரச் சொல்வார்கள். கடல் கொந்தளித்தால் கப்பலே கிளம்பாது. விமான நிலையம் எவ்வளவோ மேல், வரிசைக்கு ஏசி போட்டிருக்கிறார்கள்.