பேர் சொன்னால் வந்துவிடும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கிளி காணாமல் போனது. குழுவின் வழக்கமான சரக்கு உங்களுக்கும் தெரியும்: தண்ணீர் வெட்டு, சாக்கடையில் பாம்பு, வாசலை மறித்து நிற்கும் யாரோ ஒருவரின் மைவி கார், இடையிடையே ரோஜாப்பூ வைத்த காலை வணக்கங்கள். இவற்றுக்கு நடுவே அவ்வப்போது ஒரு கிளி காணாமல் போய்விடும். பூனை போனால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. கிளி போனால் மட்டும் ஊரே எழுந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஜொகூர்க்காரர்களுக்கு என்னவென்று மற்ற மாநிலத்தாருக்குப் புரியாது. 2014லிருந்து வெள்ளியும் சனியும்தான் எங்களுக்கு வார விடுமுறையாக இருந்தது. நாட்டில் பெரும்பாலோர் தூங்கும் ஞாயிறுகளில் நாங்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். 2025 ஜனவரியில்தான் ஞாயிறு திரும்பக் கிடைத்தது. அப்படிக் கிடைத்த ஞாயிறுகளில் ஒன்றைத்தான் ஒரு கிளி தூக்கிக்கொண்டு போய்விட்டது.

கிளி தொலையாமல் இருக்க என்னிடம் ஒரு யோசனை உண்டு. எளிமையானது, செலவில்லாதது. கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் அந்த அறிவிப்பைப் படித்துவிடுங்கள்:

"காணவில்லை. பெயர் சூர்யா. சன் கோனூர். நன்றாகப் பழகியது. கடிக்காது. பேசும். பேர் சொன்னால் வந்துவிடும். கண்டவர்கள் தெரிவிக்கவும். தக்க சன்மானம் உண்டு."

திருக்குறளுக்குப் பரிமேலழகர் உரை எழுதியது போல இதற்கும் யாராவது உரை எழுதியிருக்க வேண்டும். இத்தனை வருஷமாக யாரும் முன்வராததால் நானே எழுதுகிறேன்.

'பெயர் சூர்யா.' ஆண்பிள்ளைப் பெயர். சன் கோனூரில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இறகைப் பிடுங்கி மரபணுச் சோதனைக்கு அனுப்பினால்தான் எதுவென்று தெரியும். அதை அறிவிப்புப் போட்டவர் செய்யவில்லை. பெயர் வைத்து, தாமான் முழுக்க அறிவித்து, "டேய்" என்றும் கூப்பிடுகிறார். பறந்து போனது சூர்யகலாவாக இருந்தால் அது எதற்காகத் திரும்பிப் பார்க்க வேண்டும்?

'சன் கோனூர்.' கயானா, வட பிரேசில் பக்கத்துப் பறவை. அதன் சொந்தக் காட்டில் அழிந்துவரும் இனம் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். இங்கே ஸ்கூடாயில் வரிசை வீட்டுக்கு வரிசை வீடு கத்திக்கொண்டிருக்கிறது. எண்ணிக்கை குறைந்துவிட்டதென்று கவலைப்படும் அறிஞர்கள் எங்கள் தெருவில் ஒரு ராத்திரி தங்கிப் பார்க்கலாம். விடியற்காலை வரை தங்கினால் போதும்.

'நன்றாகப் பழகியது.' யாரோடு? கூண்டைத் திறந்ததும் வெளியே போனது, போனதும் திரும்பவில்லை. நன்றாகப் பழகியதால்தான் போயிருக்கும் என்பது என் கருத்து. சிலரோடு நன்றாகப் பழகினால் நமக்கும் அப்படித்தான் தோன்றும்.

'கடிக்காது.' இதைத் தட்டச்சு செய்த ஆள்காட்டி விரலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்ததை நான் பிற்பாடு என் கண்ணால் பார்த்தேன்.

'தக்க சன்மானம்.' எதற்குத் தக்க? பறவையின் விலைக்கா, பிடித்தவரின் காயத்துக்கா? போன வருஷம் ஒருவரின் காக்கட்டியல் கிளியைப் பிடித்துக் கொடுத்த பையனுக்குக் கிடைத்தது ஒரு டின் பிஸ்கட். அதுவும் தீபாவளிக்கு யாரோ அவருக்குக் கொடுத்தது.

'பேசும்' என்பதற்குத் தனி உரை வேண்டும். பிறகு வருகிறேன்.

இப்போது 'பேர் சொன்னால் வந்துவிடும்.' தமிழில் இதற்கு இணையான நம்பிக்கை வாசகம் வேறு உண்டா என்று யோசித்துப் பார்த்தேன், அகப்படவில்லை. பேர் சொன்னால் வந்துவிடுமென்றால் பேரைச் சொல்ல வேண்டியதுதானே? எங்களுக்கு எதற்கு அறிவிப்பு? சொல்லிப் பார்த்தாராம், வரவில்லையாம். வரவில்லை என்பதால் அறிவிப்பாம். அந்த அறிவிப்பில் வந்துவிடும் என்று எழுதியிருக்கிறாராம். நான் இதைப் பத்து நிமிஷம் படித்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்லி வராத பறவை நான் சொன்னால் வருமா? எனக்கும் அதற்கும் முன்பின் பழக்கம் கிடையாது. அல்லது வேண்டியவர் வேண்டாதவர் பார்க்காமல் யார் சொன்னாலும் வருமா? அப்படியானால் அது அவருடைய கிளி என்பதற்கு என்ன ஆதாரம்? இன்னொன்றும் இருக்கிறது. பறந்து போகும் பறவையிடம் பேரைச் சொல்ல நேரம் ஏது? ஏதோ பச்சையாக, மஞ்சளாக ஒன்று தலைக்கு மேல் போகிறது. அது சூர்யாவா, போன மாதம் காணாமல் போன பிங்கியா, அதற்கு முந்தைய மாதத்துச் செல்லக்குட்டியா? அறிவிப்புகளையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு வருகைப் பதிவேடு வாசிப்பது போல ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்க்க வேண்டும். நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் அதைத்தான் செய்தேன். அங்கேயும் எல்லாரும் வரவில்லை.

இந்த உரையை மனதுக்குள் மெருகேற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் ஏணி வந்து நின்றது. கூடவே சூர்யாவின் சொந்தக்காரரான எதிர் வரிசை அண்ணன், அவருடைய மனைவி, ஒரு காலிக் கூண்டு, நறுக்கிய மாம்பழம், ஏழெட்டு வேடிக்கைக்காரர்கள். சூர்யா என் ரம்புத்தான் மரத்து உச்சிக் கிளையில் இருந்தது.

"அண்ணே, கொஞ்சம் சத்தம் போடாம இருங்க. பயந்துடும்" என்றார் எதிர் வரிசை அண்ணன். நான் அதுவரை வாயே திறக்கவில்லை. உடனே அவர் மரத்தைப் பார்த்து, "சூர்யா! டேய் சூர்யா! அப்பாகிட்ட வாடா!" என்று தாம்போய் வரை கேட்கும்படி கத்தினார்.

அது வராது என்று எனக்குத் தெரியும். ஏன் வராது என்றும் தெரியும். கூண்டிலேயே வளர்ந்த பறவைக்கு மேலே ஏறுவது சுலபம், இறங்குவதுதான் கஷ்டம். உயரத்திலிருந்து சரிவாக இறங்கிப் பறப்பது குஞ்சாக இருக்கும்போதே பழக வேண்டிய வித்தை. பழகாதது மேலேயே உட்கார்ந்து முழிக்கும். அதே இனப் பறவை ஒன்றைக் கூண்டோடு கொண்டுவந்து மரத்துக்குக் கீழே வைத்தால் அதன் குரலுக்குச் சமயத்தில் பதில் கொடுக்கும், இறங்கவும் முயலும். கிளிகள் கூட்டமாக வாழ்பவை. விடிகாலையிலும் அந்தியிலும் அவை ஊரைக் கூட்டுவது, இன்னார் இன்னார் இருக்கிறார்களா என்று சரிபார்க்கத்தான். கூண்டில் தனியாக இருப்பது, நம்மையே கூட்டம் என்று நினைத்துக்கொண்டு நம்மை எழுப்புகிறது. இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். அவர் கைப்பேசியில் தன் குரலையே பதிவு செய்து ஒலிபெருக்கியில் போட்டார்.

எங்கள் தலைக்கு மேல் அந்த நேரம் பார்த்து ஒரு பச்சைக் கூட்டம் கீச்சிட்டுக்கொண்டு போனது. நீண்ட வால், ரோஜாநிறக் கன்னம். இந்த மண்ணின் கிளிகள். மலாய் தீபகற்பத்திலும் சுமத்ராவிலும் போர்னியோவிலும் இருப்பவை, செம்பனைப் பழத்தை ஒரு கை பார்ப்பவை. காடு குறையக் குறைய அவையும் ஆபத்துப் பட்டியலுக்கு வந்துவிட்டன. ஜலசந்தியைத் தாண்டிச் சிங்கப்பூருக்கும் போகும், வரும். பாலத்தில் நெரிசல் எவ்வளவு நேரம் என்று அவை செயலியைத் திறந்து பார்ப்பதில்லை. கீழே நின்ற ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவற்றுக்குப் பெயர் இல்லையே.

சிங்கப்பூரில் இப்போது வேறு கதை. அங்கே கழுத்தில் வளையம் போட்ட இந்தியப் பச்சைக்கிளியும், மார்பு சிவந்த இன்னொரு கிளியும் பெருகிவிட்டன. இரண்டும் வளர்ப்பாகப் போய்த் தப்பியவற்றின் வாரிசுகள். சுவா சூ காங்கில் அடுக்குமாடிக்குப் பக்கத்து மரங்களில் அந்தியில் வந்து அடையும் கூட்டத்தின் இரைச்சல் தாங்காமல் குடியிருப்பாளர்கள் புகார் செய்தார்கள். மரப்பொந்துகளுக்கு இவற்றோடு மண்ணின் கிளியும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. அந்தப் பெரிய கூட்டத்தின் பாட்டன்மார் எல்லாம் ஒரு காலத்தில் பேர் சொன்னால் வந்துவிடும் என்று யாரோ நம்பியவைதாம்.

இலண்டனில் இதற்கு ஒரு புராணமே இருக்கிறது. அங்கே பூங்காக்களில் பறக்கும் ஆயிரக்கணக்கான பச்சைக்கிளிகளை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் என்ற கிதார் கலைஞர் அவிழ்த்துவிட்டார் என்பார்கள். இல்லையில்லை, 'ஆப்பிரிக்கன் குவீன்' படப்பிடிப்பில் தப்பியவை என்பார்கள். 2019இல் ஆய்வாளர்கள் பழைய செய்திகளையெல்லாம் வரைபடத்தில் குறித்துப் பார்த்துவிட்டு இரண்டும் கட்டுக்கதை என்றார்கள். இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பலர் வீட்டிலிருந்து தப்பியவைதாம் பெருகியிருக்கின்றன. ஆக, இலண்டனிலும் ஒரு எதிர் வரிசை அண்ணன் இருந்திருக்கிறார். ஒருவரல்ல, பலர். பிரஸ்ஸல்ஸில் மட்டும் 1974இல் ஒரு கேளிக்கைப் பூங்காக்காரர் ஊருக்கு நிறம் சேர்க்கலாம் என்று தெரிந்தே திறந்துவிட்டார். அவர் யோக்கியர். காணவில்லை என்று யாரையும் எழுப்பவில்லை.

சென்னை ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்க்கும் சேகர் என்பவர் மொட்டைமாடியில் ஊறவைத்த அரிசியைப் பரப்பி வைத்து ஆயிரக்கணக்கான காட்டுக் கிளிகளுக்குத் தினமும் பந்தி நடத்தினார். கூண்டு கிடையாது. சாப்பிட்டுவிட்டுப் போய்விடும், மறுநாள் வந்துவிடும். யாரும் பேர் சொல்லவில்லை, அவையே வந்தன. இதை அண்ணனிடம் சொல்லலாம் என்று திரும்பினேன். அவர் ஏணியின் நான்காவது படியில் மாம்பழத்தோடு நின்றுகொண்டிருந்தார். விட்டுவிட்டேன்.

இப்போது 'பேசும்.' உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும், இல்லையென்றால் நீங்களே நடத்தியிருப்பீர்கள். விருந்துக்குப் போகிறோம். இலை போடுவதற்கு முன் கூண்டு முன்னால் உட்காரவைக்கிறார்கள். "மாமாவுக்கு வணக்கம் சொல்லு. சொல்லுடி தங்கம். வ... ண..." கிளி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நம்மைப் பார்க்கிறது. "நேத்து பேசுச்சு." பிரட்டல் ஆறுகிறது. "காலையில கூட பேசுச்சு லா, இவரு வந்ததும்தான்..." என்று பழி நம் தலையில் விழுகிறது. இலவு காத்த கிளியைப் பற்றித் தமிழில் நிறையப் பேசுவோம். கிளி காத்த விருந்தாளியைப் பற்றி ஒருவரும் கவலைப்படுவதில்லை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியான அலெக்ஸ் அமெரிக்காவில் நூறு வார்த்தைக்கு மேல் பேசியது, நிறமும் வடிவமும் எண்ணிக்கையும் சொன்னது என்பதெல்லாம் உண்மை. ஐரின் பெப்பர்பெர்க் என்ற விஞ்ஞானி 1977லிருந்து, 2007இல் அது சாகும் வரை, அதோடு உட்கார்ந்து பாடம் நடத்தினார். எதிர் வரிசை அண்ணன் மூன்று வாரம் யூடியூப் போட்டுக் காட்டினார். அதுவும் சன் கோனூருக்கு. அந்த இனம் கத்துவதில் புலி, பேச்சில் சுமார்தான்.

பேசாத கிளி வேண்டுமென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கையிலிருப்பதைப் பாருங்கள். மரவள்ளி இலையும் மாதுளம்பூவும் வைத்துத் தினமும் புதிதாகக் கட்டுகிறார்கள். கத்தாது, கடிக்காது, அடுத்த நாள் ஒரு பக்தருக்குப் பிரசாதமாகப் போய்விடும். பேசாமலேயே பெயர் வாங்கியது சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் சீட்டெடுத்த மணி என்ற கிளி. 2010 உலகக் கிண்ணக் கால்பந்தில் காலிறுதிகளைச் சரியாகச் சொன்னதென்று உலகப் பத்திரிகைகளே படம் போட்டன. இறுதியாட்டத்துக்கு நெதர்லாந்துச் சீட்டை எடுத்தது. ஸ்பெயின் வென்றது. சரியாகச் சொன்னது ஜெர்மனியின் ஆக்டோபஸ்.

சூர்யா என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மத்தியானம் பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி மாடி பால்கனியில் உட்கார்ந்து குவாச்சி கொறித்துக்கொண்டிருந்தார். என் மரத்து உச்சிக்கு நேர் மட்டம் அந்த பால்கனி, இறங்க வேண்டிய வேலையே இல்லை. சூர்யா நேராகப் பறந்து போய் அவர் மடியில் உட்கார்ந்து சூரியகாந்தி விதையை உடைக்க ஆரம்பித்துவிட்டது. அவர் சொன்னது "ஓய்" என்ற ஒரே வார்த்தை. சன்மானத்தையும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

என் யோசனையைச் சொல்ல இப்போது இடமில்லை. அதைவிட அவசரமான சமாச்சாரம் ஒன்று வந்துவிட்டது. சூர்யா தனிமையில்தான் ஓடியது என்று முடிவுகட்டி, துணைக்கு ஒரு பஞ்சவர்ணக்கிளி வாங்க அண்ணன் முன்பணம் கட்டிவிட்டார். நன்றாகப் பார்த்துக்கொண்டால் அது ஐம்பது வருஷமும் அதற்கு மேலும் வாழும். அண்ணனுக்கு வயது அறுபத்திரண்டு. மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான், விடியுமுன் பாலத்துக்குப் போகிறவன் இருட்டித்தான் வருகிறான். இது பற்றி அவனிடம் யாரும் இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னிடமும் கேட்க வேண்டாம் என்று இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.