ஒத்து ஊதிய தாத்தா

“அவனா? ஆளுங்கட்சிக்கு ஒத்து ஊதுறவன்” என்று டீக்கடையில் யாராவது சொன்னால் தாத்தாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். கட்சிப் பாசமெல்லாம் இல்லை. “ஒத்து ஊதறது அவ்வளவு லேசாப் போச்சா? அவனை ஒரு மல்லாரி முடியிற வரைக்கும் மூச்சு விடாம ஊதச் சொல்லு, பார்ப்போம்” என்பார். எங்கள் தாத்தா மெய்யாகவே ஒத்து ஊதிப் பிழைத்தவர்.

நாயனக்காரர் பக்கத்தில் நின்று, நாயனம் மாதிரியே இருந்தும் விரல் வைக்கத் துளையில்லாத குழலை ஊதுகிறவர்தான் ஒத்துக்காரர். பெரியவர் தோடி வாசித்தாலும் கல்யாணி வாசித்தாலும் இவருக்கு ஸட்ஜம்தான். ஆனால் அது அறுந்துவிடக் கூடாது. கன்னத்தில் அடக்கிய காற்றை வாயால் விட்டுக்கொண்டே மூக்கால் மூச்சிழுக்க வேண்டும். கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் இடையில் இருந்த அத்தனை கோயில் வீதியிலும் தாத்தா இப்படி நடந்திருக்கிறார். எங்கள் குடும்பத்துச் சங்கீதப் பாரம்பரியம் மொத்தம் ஒரு ஸ்வரம்.

1947இல் சுதந்திரம் வந்தபோது திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தில்லியில் நாயனம் வாசித்தார். அதே ராத்திரி தாத்தா எங்கள் ஊர்க் கோயிலில் அர்த்தசாமத்துக்கு ஊதிக்கொண்டிருந்தார். கேட்க வந்தவர்கள் குருக்களும் இரண்டு வௌவாலும். பிற்காலத்தில் தாத்தா இதைச் சொல்லும்போது, “சுதந்திரத்துக்கு நாங்க ரெண்டு பேரும் வாசிச்சோம். அவர் அங்கே, நான் இங்கே” என்பார். பாட்டி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, “நேருதான் பாவம், உங்களைத் தேடித் தேடிப் பார்த்தாராம்” என்பாள்.

பாட்டிக்கு ஏழு ஸ்வரமும் கைவசம். கோபம் வந்தால் தார ஸ்தாயி. கடுகு இல்லை என்று ஆரம்பித்து, கல்யாணத்தின்போது மாமியார் போடாத வளையல் வரை விஸ்தாரமாக ஆலாபனை செய்வாள். தாத்தா திண்ணையிலிருந்து “ம்ம்ம்” என்று சுருதி கொடுப்பார். அந்த ‘ம்’ நடுவில் நின்றுவிட்டால் ஆள் தூங்கிவிட்டார் என்று அர்த்தம். அப்புறம்தான் உண்மையான கச்சேரி. மழைக்காலத்தில் விறகு ஈரமாகிப் புகைந்தால் பாட்டி ஊதாங்குழலை அவர் கையில் கொடுத்துவிடுவாள். உலை கொதிக்கிற வரை இடைவெளி விடாமல் ஊதுவார். அந்தத் தெருவில் புகையில்லாத அடுப்பு எங்களுடையதுதான்.

அவர் சங்கீத வாழ்வில் நடந்த ஒரே மாற்றம், உச்சத்தில் கத்தும் திமிரி நாயனம் போய், நீளமான பாரி நாயனம் வந்தது. சுருதி இறங்கியது, பழைய ஒத்து உதவாமல் போயிற்று. கன்றுக்குட்டியை விற்றுவிட்டு நரசிங்கம்பேட்டைக்குப் போய், யார் வீட்டு உத்தரமாகவோ கிடந்து முற்றிய ஆச்சா மரத்தில் கடைந்த புது ஒத்து வாங்கி வந்தார்.

என் மாமாவுக்கு ஒரே ஸ்வரத்தோடு நிற்க மனமில்லை. பதினாறு வயதில், தாத்தா ஊரில் இல்லாத நாள் பார்த்து, இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அந்த ஒத்தில் ஏழு துளை போட்டார். ஏழு ஸ்வரம் வரும் என்று கணக்கு. வந்தது ஆடு செருமுகிற சத்தம். தாத்தா திரும்பி வந்து அதை எடுத்துப் பார்த்தார், சீவாளியைக் கழற்றி இடுப்பில் சொருகிக்கொண்டார், மாமாவை அடிக்கவில்லை. மறுநாள் அந்தக் கட்டை மாட்டுக்கொட்டகைக் கூரைக்கு முட்டுக்கொடுத்து நின்றது. உத்தரமாக இருந்தது ஏறக்குறைய உத்தரத்துக்கே திரும்பிவிட்டது. மாமா பின்னாளில் சைக்கிள் கடை வைத்தார். துளை அடைக்கிற தொழில்.

அப்புறம் சுருதிப் பெட்டி வந்தது. அதற்குப் பங்கு கொடுக்க வேண்டாம், காபி வாங்கித் தர வேண்டாம், விடியற்காலை பஸ்ஸில் சீட்டுப் பிடிக்க வேண்டாம். அதன்பின் தாத்தா கல்யாணங்களுக்குச் சாப்பிட மட்டும் போனார்.

ஒரு கல்யாணத்தில் பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் மேளம் நடந்துகொண்டிருந்தது. பாயசத்தை உள்ளங்கையில் வாங்கியவர் அப்படியே நின்றுபோனார். “பெட்டிக்கு மூச்சு வாங்குதுடா” என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பேட்டரி செத்துப் பெட்டி அடங்கிவிட்டது. நாயனக்காரர் கண்ணாலேயே தாளக்காரப் பையனை அதட்டினார். தாத்தா இலையைப் பார்த்துக் குனிந்தபடி, வாயில் பாயசத்தோடு, “ம்ம்ம்” என்று பிடித்தார். மேடைக்கு அது கேட்டிருக்க வழியே இல்லை.

பையன் பேட்டரி மாற்றுகிற வரை விடவில்லை. விட்டதும் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு இன்னொரு கரண்டி கேட்டார்.