தும்பிக்கை போன யானை

தாத்தா காலத்து அகராதியில் 'யானை'யைத் தேடினால், கடைசியில் ஏதோ சுருட்டிய எழுத்து நிற்கிறதே?

அதுதான் அசல் யானை, தும்பிக்கையோடு! ணை, லை, ளை, னை நான்குக்கும் அப்போது தும்பிக்கை உண்டு. 1978 அரசாணை அதை எடுத்துவிட்டுச் சங்கிலிக்கொம்பைப் பூட்டியது. யானைக்குச் சங்கிலி புதிதா என்ன?

எழுத்துச் சீர்திருத்தத்தால் யாருக்கு லாபம்?

ணா, றா, னாவுக்கு. அதுவரை காலை உடம்போடு மடக்கி வைத்திருந்தவை, அன்றுதான் சொந்தக் காலில் நின்றன. பெரியார் 1935லேயே 'குடிஅரசு' இதழில் இப்படி அச்சிடத் தொடங்கிவிட்டார். அரசுக்குக் கால் முளைக்கத்தான் 43 ஆண்டு. ஈய எழுத்தைப் பொறுக்கிக் கோத்தவர்களுக்கும் பெட்டியில் சில அறைகள் மிச்சம்.

அகராதி இல்லாத காலத்தில் சொல்லுக்குப் பொருள் தெரிய என்ன செய்தார்கள்?

பாடினார்கள்! நிகண்டு முழுக்கச் செய்யுள். மனப்பாடம் செய்தவருக்கே அர்த்தம் கிடைக்கும்; மற்றவர்கள் அவரைத்தான் புரட்ட வேண்டும். வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) சொற்களை அகர வரிசையில் நிறுத்தியது. ஆனால் அச்சுக்கு வந்தது அடுத்த நூற்றாண்டில்தான். அதுவரை ஓலைதான்.

உமக்கு அகராதி கொஞ்சம் அதிகம்!

கொஞ்சமா? சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன், 1924 முதல் 1936 வரை வந்த 6 தொகுதிகள், 1939இன் அனுபந்தம் வேறு. மூன்றாம் தொகுதி மட்டும் இரவல் போயிருக்கிறது. எடுத்துப்போனவர் இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்.